டிசைன் வகுப்புக்கு வர முன் எல்லாரும் கேட்பவை

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் கிரபிக் டிசைன் அடிப்படை வகுப்பு ஒன்று நடத்துகிறேன். வட்ஸ்அப்பில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன, ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பி அலுத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன். சிலதுக்குப் பதில் நீளம், சிலதுக்கு இரண்டு வரிதான். வேறு இடத்தில் படிக்கிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

கிரபிக் டிசைன் என்றால் போட்டோஷொப் படிப்பதுதானே?

இல்லை. போட்டோஷொப் 1990இல்தான் வந்தது, அதற்கு முன்னும் ஆட்கள் போஸ்டர் அடித்தார்கள், புத்தகம் கட்டினார்கள், போத்தலுக்கு லேபல் ஒட்டினார்கள். யாருக்குச் சொல்கிறோம், அவர் கண் முதலில் எங்கே போக வேண்டும், எதை விட்டுவிட்டாலும் விஷயம் கெடாது என்று முடிவெடுப்பதுதான் வேலை. மென்பொருளில் எல்லாப் பொத்தானும் தெரிந்த ஒருவர் ஒரு நோட்டீசில் ஐந்தாறு எழுத்துருவும் வானவில்லில் உள்ள அத்தனை நிறமும் போட்டு, வகுப்பு எந்தத் திகதியில் தொடங்குகிறது என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுவந்திருப்பதை டவுனில் எந்த மதிலிலும் பார்க்கலாம். அவருக்கு மென்பொருள் தெரியும், டிசைன்தான் தெரியாது.

எனக்குப் படம் கீற வராது. சேரலாமா?

சேரலாம். கை வடிவாகக் கீற வேண்டியதில்லை, ஆனால் கீற வெட்கப்படக் கூடாது. பென்சிலால் தீப்பெட்டி அளவில் சின்னச் சின்னப் பெட்டி போட்டு, தலைப்பு இங்கே, படம் அங்கே என்று கோணல்மாணலாகக் குறித்துக்கொண்டால் போதும். அப்படி இருபது பெட்டி கீற அரை மணித்தியாலம் ஆகாது. அதையே கணினியில் இருபது விதமாகச் செய்து பார்க்க யாருக்கும் பொறுமை வராது, இரண்டாவதிலேயே "இது போதும்" என்று நின்றுவிடுவீர்கள். நன்றாகப் படம் கீறுகிற பிள்ளைகளுக்கு வேறொரு கஷ்டம் உண்டு, படத்தை அழகாக முடித்துவிட்டு எழுத்தைக் கடைசியில் கிடைத்த மூலைக்குள் திணிப்பார்கள்.

என்ன லப்டொப் வாங்க வேண்டும்? போனிலேயே படிக்க முடியாதா?

சேர்வதற்காக லப்டொப் வாங்காதீர்கள், கடன் எடுத்தோ நகை அடகு வைத்தோ கட்டாயம் வேண்டாம். முதல் சில வாரத்துக்குக் கணினியே தேவையில்லை. பிறகு வாங்குவதென்றால் 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள பழைய மெஷினும் அடிப்படைக்குப் போதும், 16 ஜிபி இருந்தால் நல்லது. மவுஸ் ஒன்று வாங்குங்கள், டச்பேடில் பென் டூல் என்கிற கோடு வளைக்கும் கருவியைப் பழகுவது தண்டனை.

போனில் பேஸ்புக் போஸ்ட் செய்யலாம். ஆனால் பிரஸ்சுக்குப் போகிற பைலைப் போனில் சரியாகச் செய்து முடிப்பது கஷ்டம், நிறம், வெட்டு ஓரம், எழுத்துரு என்று ஒவ்வொன்றிலும் இடிக்கும்.

எந்த மென்பொருள் படிக்க வேண்டும்?

முதலில் இரண்டு வகைப் படம் இருப்பதைப் புரிந்துகொள்ளுங்கள். போட்டோ என்பது புள்ளிகளால் ஆனது, பெரிதாக்கினால் உடையும். வெக்டர் என்பது கணக்கால் ஆன கோடு, விசிட்டிங் கார்டிலும் கட்டடச் சுவரிலும் ஒரே கூர்மையில் நிற்கும். லோகோவைப் போட்டோஷொப்பில் செய்து ஜேபெக்காகக் கொடுத்தால் அந்தக் கடைக்காரர் பெயர்ப்பலகை போடப் போகும் நாளில் உங்களை நினைத்துக்கொள்வார், நல்லபடியாக அல்ல.

வெக்டருக்கு இலஸ்ட்ரேட்டர், கொரல்ட்ரோ, இலவசமாக இங்க்ஸ்கேப். போட்டோவுக்குப் போட்டோஷொப், இலவசமாக கிம்ப் அல்லது பிரவுசரிலேயே ஓடும் போட்டோபீ. பல பக்கம் உள்ள வேலைக்கு இன்டிசைன், இலவசமாக ஸ்கிரைபஸ். நான் பழகிய பிரஸ்களில் கொரல்ட்ரோ இன்னும் ராஜாதான், அதனால் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பிரஸ்சில் வேலை தேடுகிறவர் அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒன்றில் கை பழகிவிட்டால் மற்றதுக்கு மாறுவது பெரிய பாடில்லை.

கன்வாவைக் கேவலமாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் அப்படியில்லை. அவசரத்துக்கு நல்லது. ஆனால் படிக்கிற காலத்தில் ரெடிமேட் டெம்ப்ளேட்டைத் தொட வேண்டாம், ஏனென்றால் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாவற்றையும் வேறொருவர் எடுத்து வைத்திருக்கிறார், அதுவும் ஆங்கில எழுத்தை மனதில் வைத்து.

கிராக் பண்ணிய மென்பொருள் பற்றியும் கேட்கிறீர்கள். அதோடு வரும் வைரஸ் உங்கள் பைல்களையும் தின்னும், பென்டிரைவ் வழியாகப் பிரஸ்காரரின் கணினிக்கும் போகும். இலவச மென்பொருளில் தொடங்குங்கள்.

வகுப்பில் என்ன ஒழுங்கில் போவீர்கள்?

முதல் வேலை கறுப்புத் தாளும் கத்தரிக்கோலும். தாளுக்கு நான்கு சதுரமாக வெட்டி வெள்ளைத் தாளில் ஒட்டி, நெருக்கடி, ஒழுங்கு, தனிமை, விழுதல் என்ற நான்கையும் நான்கு தாளில் காட்ட வேண்டும். எழுத்து இல்லை, படம் இல்லை, சதுரம் மட்டும். எல்லாரும் முதலில் சிரிப்பார்கள். பிறகு ஒரு சதுரத்தை மூலைக்குத் தள்ளியதும் மிச்சமுள்ள வெள்ளையும் ஏதோ சொல்லத் தொடங்குவதைப் பார்த்துவிட்டு அமைதியாகிவிடுவார்கள். வெற்றிடமும் ஒரு வடிவம் என்று வாயால் சொன்னால் யாருக்கும் ஏறாது, கையால் தள்ளிப் பார்த்தால் ஏறும்.

அடுத்தது எழுத்து. உங்கள் பெயரின் முதலெழுத்தை வெவ்வேறு எழுத்துருக்களில் ஏ4 தாள் முழுக்கப் பெரிதாக எடுத்து, மேலே தாள் வைத்துக் கீற வேண்டும். ஒரே 'அ' எத்தனை விதமாக வளைகிறது, எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவது வேலைதான் எனக்குப் பிடித்தது. ஒரு ரியூசன் நோட்டீசுக்கான வாசகத்தை எல்லாருக்கும் கொடுப்பேன்: பாடம், ஆசிரியர், வகுப்பு, நாள், நேரம், இடம், போன் நம்பர். ஒரே எழுத்துரு, ஒரே அளவு, கறுப்பு மட்டும். தடித்த எழுத்துக்கூடக் கிடையாது. எதை எதோடு சேர்த்து வைக்கிறீர்கள், எங்கே இடைவெளி விடுகிறீர்கள் என்பதை மட்டும் வைத்து, பார்க்கிறவர் முதலில் பாடத்தையும் பிறகு நாளையும் பிறகு நம்பரையும் காணச் செய்ய வேண்டும். அது சரிவந்தால் தடித்த எழுத்து ஒன்று அனுமதி. அடுத்த முறை இரண்டாவது அளவு. கடைசியாக ஒரு நிறம். நிறம் வரும் நேரத்தில் அது தேவையே இல்லை என்று பாதிப்பேர் சொல்லிவிடுவார்கள்.

நான்காவது, உண்மையான ஆள் ஒருவருக்கு அடையாளம் செய்வது. எருமைத் தயிர் போடுகிறவர், மருதமுனைக் கைத்தறிக் கடை, சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலை, பொத்துவிலில் சர்ஃபிங் சொல்லிக் கொடுக்கிறவர், யாராகவும் இருக்கலாம். நேரில் போய்க் கதைத்து, அவர் யாருக்கு விற்கிறார், லோகோ எதிலெல்லாம் வரப்போகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி வர வேண்டும். அந்த ஒரு பக்கம் இல்லாமல் வருகிற லோகோவை நான் பார்ப்பதேயில்லை. ஏனென்றால் தயிர்ச் சட்டியை மூடும் தாளில் வரும் லோகோவும் அரிசிச் சாக்கில் வரும் லோகோவும் ஒன்றாக இருக்க முடியாது. சாக்கில் மெல்லிய கோடு அடைத்துப்போகும், அங்கே தடித்த வடிவமும் ஒன்றிரண்டு நிறமும்தான் நிற்கும். செய்த லோகோவை ஒரே நிறத்தில், ஒன்றரை சென்ரிமீற்றர் அகலத்தில் அடித்துப் பார்ப்போம். அந்த அளவில் அடையாளம் தெரியாவிட்டால் திரும்பப் பென்சில். இன்னொன்று, மட்டக்களப்பு என்றதும் மீன், வாவி, பாலம் போடுவதைக் கொஞ்சம் நிறுத்துவோம். மீன் பாடும் தேன்நாடு சரிதான், அதற்காகப் பல் வைத்தியசாலைக்கும் மீனா?

கடைசி வேலை 16 பக்கச் சிறுபுத்தகம். வடமோடி, தென்மோடிக் கூத்துகளை அறிமுகம் செய்வது, ஊர்க் கண்ணகி அம்மன் சடங்கு, வீட்டில் அம்மம்மா சொல்லும் சமையல், எது வேண்டுமானாலும். தாளை மடித்து நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்பதால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 14 பக்கத்துக்குத்தான் விஷயம் இருக்கிறது என்றால் மிச்ச இரண்டில் என்ன செய்வது என்று யோசிப்பதும் பாடம்தான்.

ஒவ்வொரு வேலையும் தாளில் அடித்து, வெட்டி, கையில் கொண்டு வர வேண்டும். திரையில் காட்டினால் முடிந்த வேலையாக எடுப்பதில்லை.

தமிழில் ரைப் பண்ணினால் எழுத்து உடைகிறது. பாமினியா, யூனிகோடா?

இரண்டும் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் உங்கள் வேலையை, எந்தக் கணினியும் போனும் தமிழைத் தமிழாகவே அடையாளம் காணும் யூனிகோடில் வைத்திருங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், அவற்றின் மேல் தமிழ் உருவத்தை வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழே இருக்காது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். தேட முடியாது, போனில் படிக்க முடியாது. ஆனாலும் எங்கள் பிரஸ்களில் பல வருட வேலை அதில்தான் கிடக்கிறது, பாமினியில் ரைப் பண்ணும் அக்காமாரின் வேகத்தை யாராலும் பிடிக்க முடியாது, அதனால் அது நாளைக்கே போய்விடாது. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. மாற்றிய பிறகு ஒரு தடவை முழுக்க வாசியுங்கள்.

யூனிகோடில் ரைப் பண்ணியும் 'கெ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது என்றால் பிழை எழுத்துருவில் இல்லை. பழைய போட்டோஷொப், இலஸ்ட்ரேட்டர் பதிப்புகளில் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை நீங்களே போட்டுவிட வேண்டும். இன்டிசைனில் பந்தி அமைப்பில் எழுத்தை அடுக்கும் கம்போசர்களில் 'வேர்ல்ட் ரெடி' என்று வருவதைத் தெரிவு செய்ய வேண்டும்.

எழுத்துருவுக்கு கூகிள் பொன்ட்ஸ் போய்ப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், மீரா இனிமை, கவிவனார், பலூ தம்பி என்று இருக்கின்றன. எல்லாம் திறந்த உரிமத்தில் உள்ளவை, வியாபார வேலைக்கும் காசில்லாமல் பாவிக்கலாம்.

அப்புறம், ஆங்கிலத்துக்கு எழுதிய விதியைத் தமிழுக்கு அப்படியே போடாதீர்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வித்தியாசம் இல்லை, ஆகவே முக்கியத்துவத்தைத் தடிப்பாலும் அளவாலும் இடத்தாலும்தான் காட்ட முடியும். சாய்வெழுத்து எங்களுடையதல்ல, மென்பொருள் இழுத்துச் சாய்த்த தமிழ் காற்றில் விழப்போகிற வேலி மாதிரி நிற்கும். மேலே 'கீ', புள்ளி, கீழே 'மு', 'ஞ' என்று இரண்டு பக்கமும் நீளுவதால் வரி இடைவெளி ஆங்கிலத்தைவிடக் கூட வேண்டும், மென்பொருள் தானாகத் தருகிற, எழுத்தளவின் 120 வீதம் போதாது, 140, 150 என்று ஏற்றிப் பாருங்கள். எழுத்துக்கிடையே இடைவெளியை இழுத்தால் 'கொ' மூன்று துண்டாகப் போகும். சொற்களும் நீளம். 'விண்ணப்பதாரர்களுக்கு' என்ற ஒரு சொல்லே ஒடுங்கிய பத்தியில் ஒரு வரியை விழுங்கும், அங்கே இரண்டு ஓரமும் நேராக்கினால் நடுவில் வெள்ளை ஓட்டைகள் விழும். இடது ஓரம் மட்டும் நேராக விடுங்கள்.

மூன்று மொழியிலும் பெயர்ப்பலகை கேட்கிறார்கள். எப்படி வைப்பது?

இது எங்கள் ஊர் டிசைனருக்கு வெளிநாட்டுப் பாடத்திட்டம் எதிலும் கிடைக்காத வேலை. சிங்களம் உருண்டை, தமிழில் நேர்கோடும் வளைவும் கலந்து வரும், ஆங்கிலம் சும்மா உயரமாக நிற்கும். மூன்றையும் ஒரே பொயின்ட் அளவில் போட்டுவிட்டு "சமமாக வைத்திருக்கிறேன்" என்று சொன்னால் கண் ஒத்துக்கொள்ளாது. அளவெண்ணைப் பார்க்காமல் தள்ளி நின்று பாருங்கள், எது கறுப்பாக, கனமாகத் தெரிகிறதோ அதைக் குறையுங்கள். நோட்டோ குடும்பத்தில் மூன்று எழுத்துக்கும் ஒத்துப்போகும் எழுத்துருக்கள் இருப்பதால் அதில் தொடங்குவது சுகம். தமிழ் எப்போதும் நீளம் கூட எடுக்கும், அதனால் முதலில் தமிழை வைத்துவிட்டு மற்ற இரண்டையும் பொருத்துங்கள். வேறு வழியாகப் போனால் கடைசியில் தமிழைத்தான் நெரித்து ஒடுக்குவீர்கள், அப்படி ஒடுங்கிய தமிழ்ப் பலகைகளைத் தினமும் பார்க்கிறோம். மொழிபெயர்ப்பை வேலை தந்தவரிடமே எழுத்தில் வாங்குங்கள், கூகிளில் போட்டு எடுக்காதீர்கள்.

திரையில் இருந்த நீலம் அச்சில் ஏன் செத்துப்போகிறது?

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சு சயன், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையைத் தாளில் கலக்கிறது. ஒளியால் காட்டக்கூடிய பளிச்சென்ற நீலம், கிளிப்பச்சை, ஒரேஞ்ச் எல்லாம் மையால் எட்ட முடியாதவை. ஆகவே அச்சு வேலையை ஆரம்பத்திலேயே இந்த நான்கு மைக்கான சிஎம்வைகே முறையில் திறவுங்கள், ஏமாற்றம் முதல் நாளே வந்துவிடும். இங்க்ஸ்கேப்பில் செய்கிறவர்கள் நிறத்தை ஸ்கிரைபஸ்சில் மாற்றி எடுக்கலாம். பொன்னிறம் இந்த நான்கு மையில் வராது, கல்யாணக் கார்டில் மினுங்குவது தனியாக ஒட்டுகிற ஃபொயில் அல்லது தனி மை. அதற்குத் தனிக் காசு, வாடிக்கையாளரிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

பிரஸ்சுக்கு பைல் கொடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நிறம் ஓரம்வரை போகிறதென்றால் நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் வெளியே நீட்டி விடுங்கள், இல்லாவிட்டால் வெட்டும் கத்தி கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு விழும். முக்கியமான எழுத்தை ஓரத்திலிருந்து 5 மில்லிமீற்றராவது உள்ளே வையுங்கள். போட்டோ 300 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி, முழு ஏ4 பக்கத்துக்கு 2480க்கு 3508 பிக்சல். சின்ன எழுத்து தனிக் கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும், நான்கு மையும் கலந்த கறுப்பில் அச்சுத் தகடு மயிரிழை விலகினாலும் எழுத்து மங்கும். எழுத்தைக் கேர்வ்ஸ் ஆக்கி, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றி, பிடிஎஃப் கொடுங்கள், ஆனால் கேர்வ்ஸ் ஆக்காத பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கேர்வ்ஸ் ஆக்கிய பிறகு ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது, திருத்தமோ கட்டாயம் வரும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டொக்கியூமென்டாக அனுப்புங்கள்.

முதல் தடவை பைலை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்காமல் பிரஸ்சுக்கு நேரில் போய் மெஷின் அண்ணனோடு நில்லுங்கள். எந்தத் தாளில் மை ஊறும், எதில் மேலே நிற்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

பெனருக்கும் இதே கணக்கா?

இல்லை. 10 அடி பெனரை 300 டிபிஐயில் செய்தால் அகலம் மட்டும் 36,000 பிக்சல், கணினி மூச்சு வாங்கும். தூரத்திலிருந்து பார்ப்பது என்பதால் 72 முதல் 100 டிபிஐ போதும். ஓரத்தில் மடித்துத் தைக்கவும் கயிறு கட்ட வளையம் அடிக்கவும் மூன்று அங்குலம் போல வெறுமையாக விடுங்கள், இல்லாவிட்டால் பிரதம விருந்தினரின் நெற்றியில் வளையம் விழும்.

எழுத்து அளவுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். 100 அடி தள்ளி வருகிறவருக்கு 10 அங்குலம். மணிக்கு 40 கிலோமீற்றரில் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் அந்த 100 அடியைக் கடக்க மூன்று விநாடிகூட எடுக்காது. மூன்று விநாடியில் எத்தனை சொல் வாசிக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள், பிறகு ஒன்பது பேரின் படத்தையும் அவர்களின் பதவிகளையும் போடச் சொல்கிறவரிடம் அதையே சொல்லுங்கள். கேட்க மாட்டார், ஆனாலும் சொல்லுங்கள்.

ஜேர்சி டிசைன் சொல்லித் தருவீர்களா?

கேட்கிறவர்கள் பெரும்பாலும் விளையாட்டுக் கழகத் தம்பிமார். அடிப்படை முடிந்த பிறகு தருவேன். உடம்பு முழுக்கப் படம் வரும் ஜேர்சி சப்ளிமேஷன் முறையில் அடிப்பது, மை சூட்டில் ஆவியாகித் துணிக்குள் போகும். பொலியஸ்டர் துணிக்குத்தான் சரிவரும், பருத்தியில் நிற்காது, கறுப்புத் துணியிலும் தெரியாது. மற்றப்படி, முதுகில் பெயரும் இலக்கமும் மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து தெரிய வேண்டும், பின்னால் புலியும் நெருப்பும் மின்னலும் ஒன்றாக இருந்தால் தெரியாது.

பிரஸ்சில் வேலைக்குப் போனால் மரண அறிவித்தலும் 31ம் நாள் நினைவு மலரும்தான் தருகிறார்களாம். அதெல்லாம் டிசைனா?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் இளக்காரத்தோடு கேட்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. எழுத்தை ஒழுங்குபடுத்தப் பழகுவதற்கு இதைவிட நல்ல வேலை எங்கள் ஊரில் கிடையாது.

ஒரு அறிவித்தலை எடுத்துப் பாருங்கள். பிறந்த இடம், வாழ்ந்த இடம், பெற்றோர், துணை, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சகோதரர்கள், கிரியை நடக்கும் நாள், நேரம், மயானம், தொடர்புக்கு மூன்று நாட்டு நம்பர். ஐம்பது அறுபது பெயர்கூட வரும். யார் பெயர் விட்டுப்போனாலும், முன்பின் மாறினாலும் அந்தக் குடும்பத்தில் அது வருடக்கணக்காக நிற்கும். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் வைத்து, வாசலில் நின்று பார்க்கிற வயதானவருக்கு முதலில் முகமும் பெயரும், அடுத்து எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். பின்னணியில் பூ, புறா, சூரிய அஸ்தமனம், மெழுகுதிரி எல்லாம் தேவையில்லை, நல்ல ஒரு படமும் போதிய வெற்றிடமும் போதும். ஆனால் குடும்பம் விளக்குக் கேட்டால் விளக்கு வையுங்கள், அந்த நேரத்தில் வாதாட வேண்டாம். இந்து, கிறிஸ்தவ வீடுகளின் வழக்கம் வேறு, ஏறாவூர், காத்தான்குடிப் பக்கம் முஸ்லிம் வீடுகளுக்கு ஜனாஸா அறிவித்தல் செய்வதென்றால் படம் போடலாமா என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

பிழைதிருத்தமும் இங்கேதான் பழகும். ல, ள, ழ மூன்றையும், ர, ற இரண்டையும், ன, ண இரண்டையும் தனித்தனியாக ஒவ்வொரு சுற்றுப் பாருங்கள். பெயர்களை வீட்டிலிருந்து ஒருவரை அருகில் இருத்திச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். போன் நம்பரைத் தாளைப் பார்த்து நீங்களே அழுத்தி, யார் எடுக்கிறார் என்று பாருங்கள். கிழமையும் திகதியும் பொருந்துகிறதா என்று கலண்டரைப் பாருங்கள். இது எல்லா வேலைக்கும் பொருந்தும், தயிர் லேபலில் காலாவதித் திகதிக்கு இடம் விட்டிருக்கிறீர்களா என்பது உட்பட.

கூகிளில் எடுத்த படத்தைப் போடலாமா?

உரிமம் பார்க்காமல் போடக் கூடாது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது, படைத்தவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 வருடமும் அவருடைய உரிமை. "இணையத்தில் சும்மா கிடந்தது" என்பது பதில் இல்லை. கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வரும் படங்களைத் தேடுங்கள், அவர் பெயரைப் போடச் சொல்லியிருந்தால் போடுங்கள். அதைவிட, போனை எடுத்துக்கொண்டு விடியப்பறம் வாவிப் பக்கம் போனால் உங்களுக்கே சொந்தமான படம் கிடைக்கும்.

ஏஐ வந்துவிட்டதே, இனி இது படித்து என்ன பயன்?

படம் செய்து தரும், ஐடியா கேட்டால் தரும், பாவியுங்கள். ஆனால் நான் பார்த்தவரை அது படத்துக்குள் எழுதுகிற தமிழில் பல தடவை பிழை வரும், இது மெல்ல மெல்லத் திருந்தவும் கூடும். அது திருந்தினாலும் அரிசி ஆலை முதலாளியோடு இருந்து தேநீர் குடித்து, அவர் பொன்னி என்கிறாரா கீரிச்சம்பா என்கிறாரா, வாங்குகிறவர் எந்தச் சாக்கைக் கண்டு கை வைக்கிறார் என்று கேட்டு வருவது உங்கள் வேலைதான்.

எல்லார் முன்னாலும் வேலையைச் சுவரில் ஒட்டிக் குறை சொல்வீர்களாமே?

ஆம், ஒட்டுவோம். இணையத்தில் இலவசப் பாடம் கொட்டிக் கிடக்கும்போது வகுப்புக்கு வருவதற்கு உள்ள ஒரே நல்ல காரணம் இதுதான் என்பது என் எண்ணம். யூடியூப் உங்கள் வேலையைப் பார்க்காது. செய்தவர் முதல் பத்து நிமிடம் வாயே திறக்கக் கூடாது, மற்றவர்கள் எதை முதலில் கண்டார்கள், எதைத் தவறவிட்டார்கள் என்று சொல்வார்கள். "நல்லா இருக்கு", "பிடிக்கல" இரண்டுக்கும் தடை. "நேரம் எங்கே இருக்கிறது என்று தேடினேன்" என்று சொன்னால் அது பயன். விளக்கம் சொல்லித்தான் புரிகிறதென்றால் மதிலில் ஒட்டிய பிறகு பக்கத்தில் நின்று யார் விளக்குவது?

அழுகிறவர்கள் உண்டு, கோபித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அனேகமானோர் அடுத்த கிழமை வந்துவிடுவார்கள்.

சான்றிதழ் கிடைக்குமா?

என் வகுப்பில் அரசாங்கச் சான்றிதழ் இல்லை, வேலைகளைத்தான் கையில் கொண்டுபோவீர்கள். சான்றிதழ் தேவையென்றால் என்விக்யூ என்கிற தேசிய தொழில் தகைமை உள்ள பாடநெறியாகப் பாருங்கள். அதில் 1 முதல் 7 வரை மட்டங்கள், 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். எந்த இடத்தில் சேர்ந்தாலும் காசு கட்ட முன் அந்த நிறுவனமும் அந்தக் குறிப்பிட்ட பாடநெறியும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், நிறுவனம் பதிவாகியிருந்து பாடநெறி பதிவில்லாமலும் இருக்கலாம். உயர்தரம் முடித்து, பட்டமாகக் கட்புலக் கலை படிக்க விரும்பினால் கல்லடியிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அது வேறு தரம், வேறு ஆழம்.

மகளை அனுப்பலாமா? பிறகு வேலைக்குக் கொழும்புக்குப் போக வேண்டி வருமா?

அம்மாமார் கேட்பது. அனுப்பலாம், என் வகுப்பில் அரைவாசிக்கு மேல் பெண்பிள்ளைகள்தான், பின்னேர வகுப்பு இருட்ட முன் முடிந்துவிடும். கொழும்புக்குப் போகத்தான் வேண்டும் என்றில்லை, பிரஸ், பெனர் கடை, ஹோட்டல், தொண்டு நிறுவனம், பாடசாலை மலர் என்று இங்கேயும் வேலை உண்டு, வீட்டிலிருந்தும் செய்யலாம். ஆனால் முதல் வருடமே பெரிய சம்பளம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சொந்தக்காரர் கேட்டால் காசு எப்படிக் கேட்பது?

கஷ்டம்தான். "மருமகன், ஒரு சின்ன லோகோதானே, கொம்பியூட்டர்தானே செய்யப் போகுது" என்று மாமா சொன்னால் முகத்தை முறிக்க முடியாது. என் யோசனை: ஒன்றில் முழுக் காசு, அல்லது முழு அன்பளிப்பு. இடையில் "பார்த்துக் குடுங்க மாமா" என்று விட்டால் இரண்டு பக்கமும் மனத்தாங்கல்தான் மிஞ்சும். அன்பளிப்பு என்றாலும் எத்தனை தடவை திருத்துவேன் என்று முதலே சொல்லிவிடுங்கள், இரண்டு தடவை நியாயம். வெளி ஆட்களிடம் அரைவாசி முற்பணம் வாங்காமல் கணினியைத் திறக்காதீர்கள், பேசியதை வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வையுங்கள்.

"லோகோவைப் பெரிசாக்கு" என்றால்?

ஏன் என்று கேளுங்கள். பத்தில் ஏழு தடவை, பக்கத்துக் கடைக்காரரின் பலகையில் அவருடையது பெரிதாக இருக்கிறது என்பார். அப்படியென்றால் சுற்றி இருக்கும் கூட்டத்தைக் குறைத்துக் காட்டுங்கள், லோகோவைத் தொடாமலே பெரிதாகத் தெரியும்.

வேலை தேடும்போது எத்தனை வேலை காட்ட வேண்டும்?

ஆறு போதும், எட்டுக்கு மேல் வேண்டாம். ஆறும் நல்லதாக இருக்க வேண்டும், ஏனென்றால் பார்க்கிறவர் மோசமானதை வைத்துத்தான் உங்களை எடைபோடுவார். ஒவ்வொன்றுக்கும் யாருக்காக, என்ன சிக்கல், என்ன முடிவெடுத்தீர்கள் என்று மூன்று வரி. பென்சில் கிறுக்கல்களையும் கூடவே வையுங்கள். கற்பனை விமான நிறுவனத்துக்குச் செய்த லோகோவைவிட, கொக்கட்டிச்சோலையில் ஒரு கடைக்கு உண்மையிலேயே அச்சாகிப் பாவனையில் இருக்கும் பில் புத்தகம் எனக்குப் பெரிதாகத் தெரியும்.

அடுத்த வகுப்பு தொடங்கும்வரை சும்மா இருக்காமல் என்ன செய்யலாம்?

கையில் கிடைக்கும் அச்சுத் தாள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போடுங்கள். கல்யாணக் கார்ட், ரியூசன் நோட்டீஸ், மாமாங்கத் திருவிழாத் துண்டுப்பிரசுரம், பஸ் டிக்கெட், மருந்துப் பை, தேயிலைப் பெட்டி. அதில் ஒன்றை எடுத்து அடிக்கோலால் அளந்து பாருங்கள், ஓரம் எவ்வளவு, தலைப்பு எத்தனை மில்லிமீற்றர், எத்தனை எழுத்துரு, எத்தனை நிறம். பக்கத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். பிறகு அதே வாசகத்தை, ஒரு சொல்லும் விடாமல், கறுப்புப் பேனையால் மட்டும் வேறு விதமாக அடுக்கிப் பாருங்கள். முதல் நாள் வரும்போது பெட்டியைக் கொண்டு வாருங்கள், கத்தரிக்கோலும் பசையும் நான் தருவேன்.